எழுதலாகாத கட்டங்கள்

விண்ணப்பப் படிவம் என்ற ஒன்றை மனிதர் வகுத்த நாள்முதலே, அதில் யார் எந்தக் கட்டத்தில் எழுதலாம், யார் எதில் எழுதலாகாது என்ற கேள்வியும் உடன்பிறந்துவிட்டது. அச்சிட்ட காகிதத்தில் இதற்கு விடை எளிது: மேற்பாதியில் மனுதாரர் தம் பெயரையும் விலாசத்தையும் நிரப்புவார், கீழே ஒரு தடித்த கோட்டுக்கு அப்பால் ‘அலுவலக உபயோகத்திற்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கும், அந்தக் கோட்டைத் தாண்டி அவர் பேனா செல்லாது. செல்வதைத் தடுக்கக் காகிதத்துக்கு யாதொரு சக்தியும் இல்லை என்பதை எல்லாரும் அறிவர். ஆயினும் யாரேனும் துணிந்து அங்கே எழுதிவிட்டால், படிவத்தைக் கையில் வாங்கும் குமாஸ்தா அதை அடித்துவிட்டு உரியதைத் தம் கையால் எழுதுவார், அல்லது படிவத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே, தடுக்கும் அதிகாரம் எந்நாளும் படிவத்தை வாங்குகிறவரிடமே இருந்துவந்திருக்கிறது. படிவமானது காகிதத்தை விட்டுக் கண்ணாடித் திரைக்கும், அங்கிருந்து வலைப்பக்கத்துக்கும் குடிபெயர்ந்த இந்த அரை நூற்றாண்டில் அந்த எளிய உண்மை எத்தனை முறை மறக்கப்பட்டது, எவ்வளவு விலை கொடுத்துத் திரும்பக் கற்கப்பட்டது என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் சரித்திரம்.

கணினியோடு பேசுவதற்குத் தட்டச்சு இயந்திரத்தை ஒத்த டெர்மினல்களே பெரும்பாலும் உபயோகப்பட்டுவந்த காலத்தில், 1971-ஆம் ஆண்டு, ஐ.பி.எம். ஸ்தாபனம் 3270 என்ற பெயரில் ஒரு திரை டெர்மினல் வரிசையை அறிமுகம் செய்தது. அதன் விசேஷம் யாதெனில், தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அது கணினிக்கு உடனுக்குடன் அனுப்புவதில்லை. மத்தியக் கணினி ஒரு முழுத் திரையை ஒரே தவணையாக அனுப்பிவிட்டு மற்றவர்களின் வேலையைக் கவனிக்கப் போய்விடும்; இருக்கையில் இருப்பவர் சாவதானமாகக் கட்டங்களை நிரப்பி, பிழைகளைத் திருத்தி, ‘என்டர்’ விசையை அழுத்தும்போதுதான் நிரப்பியவை யாவும் ஒருசேரப் புறப்படும். கணினியின் ஒவ்வொரு விநாடிக்கும் விலை மிகுந்திருந்த அந்நாளில் இந்த ஏற்பாடு பெரும் சிக்கனமாக அமைந்தது. ஆனால், நிரப்புகிறவரைக் கணினி கவனிக்காத அந்த இடைவேளையில், அவர் தொடக்கூடாததைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டெர்மினலின் தலையில் விழுந்தது.

அந்தப் பொறுப்பை 3270 நிறைவேற்றிய விதத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளுமாக 1,920 இடங்கள் கொண்ட அத்திரையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஓர் எழுத்தின் இடம் வெறுமையாகத் தோன்றும். கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரியும் அந்த இடத்தில்தான் அக்கட்டத்தின் தலையெழுத்து எழுதப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு பிட் ‘இது காப்புக் கட்டம், கை வைக்காதே’ என்று சொல்லும். இன்னொன்று ‘எண் மட்டும்’ என்று சொல்லும். இரண்டும் சேர்ந்து வந்தால் கர்ஸர் அக்கட்டத்தில் நிற்காமலே தாண்டி அடுத்த திறந்த கட்டத்துக்குப் போய்விடும். ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக் குமாஸ்தா, பாலிசிதாரர் ஒருவரின் விலாசத்தை மாற்ற முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாலிசி எண்ணும் பெயரும் காப்புக் கட்டங்கள், விலாசத்தின் வரிகள் மாத்திரம் திறந்தவை. அவர் கவனக்குறைவாகக் கர்ஸரைப் பெயரின்மேல் கொண்டுபோய் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்து திரையில் விழாது. விசைப்பலகை முழுவதுமே பூட்டிக்கொண்டுவிடும். பிற்காலத்து 3278 மாதிரியில் திரையின் அடிவரியில் ஒரு பெருக்கற்குறியும், இருபுறமும் அம்பு நீட்டிய ஒரு சிறு மனித உருவமும் தோன்றும். ‘இது உமக்குரிய இடமல்ல, வேறிடம் செல்லும்’ என்பது அதன் தாத்பரியம். ‘ரீசெட்’ விசையை அழுத்திய பிறகே அவர் மேற்கொண்டு தட்ட முடியும்.

பூட்டியது டெர்மினல் என்றாலும், எதைப் பூட்டுவது என்று தீர்மானித்தது மத்தியக் கணினியில் ஓடிய நிரல். மின்சாரம் முதலிய பொதுச் சேவைக் கம்பெனிகளின் வாடிக்கையாளர் கணக்குகளுக்கென முதலில் உருவாகி, 1969-இல் ஐ.பி.எம்.மின் பொது விற்பனைக்கு வந்த சி.ஐ.சி.எஸ். என்னும் மென்பொருளே பற்பல ஸ்தாபனங்களில் இத்திரைகளை ஆண்டது. அதன் பி.எம்.எஸ். என்ற பகுதியைக் கொண்டு, எந்த வரியில் எந்தக் கட்டம், அதன் நீளம் எவ்வளவு, குணம் யாது என்று நிரலாளர் ஒரு வரைபடம் எழுதிவைப்பார். ‘புரோட்’ என்று குறித்தால் காப்பு. ‘அன்புரோட்’ என்றால் திறப்பு. ‘ஆஸ்கிப்’ என்றால் தாண்டிச் செல். வரைபடத்தில் குறித்ததே முடிந்த முடிவு என்றும் இல்லை. பெயரிட்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் துணையாக, அதே பெயரின் ஈற்றில் ‘ஏ’ என்ற எழுத்து சேர்ந்த ஓர் இடம் கோபோல் நிரலில் தானாகவே அமைந்துவிடும். திரையை அனுப்புமுன் ஐ.பி.எம். வகுத்துத் தந்த ஒற்றை எழுத்துக் குறியீட்டை அந்த இடத்துக்கு ‘மூவ்’ செய்துவிட்டால், திறந்த கட்டம் அந்தத் தடவைக்குக் காப்புக் கட்டமாக மாறிப் போகும். பாலிசி காலாவதியாகிவிட்டதா, பிரீமியம் கட்டத்தைப் பூட்டு. உள்ளே நுழைந்திருப்பவர் மேலதிகாரியா, திறந்துவிடு. நிலைமைக்கும் ஆளுக்கும் ஏற்ப ஒரு கட்டத்தின் குணத்தை நிர்ணயிப்பது என்று இன்றைய வலைப்பக்க நிரலாளர் செய்யும் காரியம் ஏறக்குறைய முழுமையாக அங்கேயே இருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டுப் பிரச்சினையை முன்னிட்டு அந்நிய நாட்டுக் கம்பெனிகளின் பழைய கோபோல் நிரல்களைத் திருத்தும் வேலை தொண்ணூறுகளில் இந்தியாவுக்குப் பெருமளவில் வந்தபோது, நம்மவர் பலர் தொழில் பழகியதும் இத்தகைய திரைகளில்தான்.

இன்னொரு நுட்பமும் நம் சரித்திரத்துக்கு முக்கியமானது. ‘என்டர்’ அழுத்தும்போது சாதாரணமாகத் திரையிலுள்ள அனைத்தும் திரும்பிப் போவதில்லை. ‘திருத்தப்பட்டது’ என்ற அடையாளப் பிட் விழுந்த கட்டங்கள் மட்டுமே போகும். குமாஸ்தா ஒரு கட்டத்தில் எழுதியவுடன் அந்தப் பிட் தானாக விழும். நிரலாளர் விரும்பினால் முன்கூட்டியே அதை இட்டு அனுப்பலாம், அப்போது யாரும் தொடாத காப்புக் கட்டத்தின் உள்ளடக்கமும் திரும்பி வந்து சேரும். ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் இடையே தன் நினைவைத் துறந்துவிடும்படி அமைந்த நிரல், தனக்கு வேண்டிய குறிப்புகளைக் கண்ணுக்குத் தெரியாத இருள் கட்டங்களில் எழுதித் திரையினிடமே ஒப்படைத்துவைத்து, பிறகு வாங்கிக்கொள்ளும் பழக்கம் இவ்வாறு உண்டாயிற்று. தன் கணக்கைப் பிறரிடம் கொடுத்துவைத்து, அது திரும்பி வரும்போது சரிபாராமல் ஏற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் பின்னால் விளைந்த அனர்த்தங்களுக்கெல்லாம் வித்து.

அந்நாளில் அது பெரிய அபாயமாக யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்கு நியாயமும் இருந்தது. டெர்மினல் கம்பெனியின் சொத்து. கம்பெனியின் கட்டிடத்துக்குள், கம்பெனியின் கேபிளால் பிணைக்கப்பட்டு, சம்பளம் வாங்கும் ஊழியர் முன்னால் வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் வேறு நிரலை ஏற்றவோ, பூட்டும் வழக்கத்தை மாற்றவோ குமாஸ்தாவுக்கு மார்க்கம் கிடையாது. எண்பதுகளில் தனிக் கணினிகள் வந்து, 3270-ஐப் போலவே நடிக்கும் மென்பொருள் அவற்றில் ஓடத் தொடங்கியபோது, அந்த நியாயத்தின் அஸ்திவாரம் ஓசையின்றி நகர்ந்துவிட்டது. நடிக்கும் மென்பொருளைத் திருத்தினால் காப்புப் பிட்டை அலட்சியம் செய்யலாம், இருள் கட்டத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மாற்றி எழுதி அனுப்பலாம் என்று, இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டினார்கள். பூட்டின் பலம் என்று அத்தனை காலம் எண்ணியிருந்தது, டெர்மினல் என்ற அந்த இரும்புப் பெட்டியின் பலமாகவே இருந்திருக்கிறது.

வலைப்பக்கத்தில் படிவம் பிரவேசித்தது 1993-ஆம் ஆண்டு வாக்கில். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. நிலையத்தார் உருவாக்கிய மொசைக் பிரவுஸர் படிவங்களைக் காட்டத் தொடங்கியது. நிரப்பிய படிவத்தைச் சர்வரிலுள்ள ஒரு நிரலிடம் ஒப்படைக்கும் சி.ஜி.ஐ. என்ற முறையும் அதே நிலையத்தில் அதே காலத்தில் வகுக்கப்பட்டது. 3270-ஐ அறிந்த ஒருவர் இதைக் கண்டால் பழைய சிநேகிதரை வேறு சட்டையில் பார்த்ததாகவே நினைத்திருப்பார்: சர்வர் ஒரு பக்கத்தை முழுமையாக அனுப்புகிறது, அனுப்பியதும் மறந்துவிடுகிறது, மனிதர் நிரப்புகிறார், ஒரு பொத்தானை அழுத்தியதும் எல்லாம் ஒருசேரத் திரும்பிப் போகிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று, ஆனால் அது மகத்தானது. பிரவுஸர் சர்வரின் சொந்தக்காரருக்கு உரியதன்று. அது உலகத்தில் எங்கோ, முன்பின் அறியாத ஒருவரின் மேஜைமேல், அவர் இஷ்டப்படி நடக்கும் ஒரு கருவி. அனுப்பிய பக்கத்தின் மூலத்தை அவர் படிக்கலாம், தம் வட்டில் சேமித்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதையே சமர்ப்பிக்கலாம். பிரவுஸரே இல்லாமல் நாலு வரி நிரல் எழுதியும் அனுப்பலாம்.

எச்.டி.எம்.எல். மொழியின் இரண்டாம் பதிப்பு 1995 நவம்பரில், டிம் பெர்னர்ஸ்-லீ, டான் கானலி இருவரின் பெயரில் வெளியானபோது, அதில் எழுத்துப் பெட்டி, கடவுச்சொல் பெட்டி, தேர்வுக் கட்டம் எல்லாம் இருந்தன. கண்ணுக்குத் தெரியாமல் மதிப்பைச் சுமந்து செல்லும் ‘ஹிட்டன்’ வகையும் இருந்தது. எழுதலாகாத கட்டம் என்ற ஒன்று மாத்திரம் இல்லை. அதே ஆண்டில் சுற்றுக்கு விடப்பட்ட மூன்றாம் பதிப்பின் வரைவில் ‘டிஸேபிள்டு’ என்ற பண்பு இடம்பெற்றதாயினும், அந்த வரைவு நிறைவேறாமல் காலாவதியாகிவிட்டது. ஆகவே நிரலாளர்கள் தத்தம் யுக்திகளைக் கையாண்டார்கள். மாற்றக்கூடாத மதிப்பைப் பெட்டியில் வைக்காமல் வெறும் எழுத்தாக அச்சிட்டு, பக்கத்திலேயே அதன் நகலை ஒரு ‘ஹிட்டன்’ கட்டத்தில் ஒளித்துவைப்பது ஒரு யுக்தி. நெட்ஸ்கேப் பிரவுஸரோடு ஜாவாஸ்கிரிப்ட் வந்தபின், பெட்டிக்குள் கர்ஸர் நுழைந்த கணமே அதை வெளியே தள்ளிவிடும் ஒற்றை வரியைப் பெட்டியோடு சேர்த்து எழுதுவது இன்னொன்று. பயனர் எத்தனை முறை சொடுக்கினாலும் கர்ஸர் நிற்காது, ஆனால் அவர் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டாலோ அந்தக் காவலும் அணைந்துவிடும்.

1997 டிசம்பர் 18-ஆம் தேதி டபிள்யூ3சி கூட்டமைப்பு அங்கீகரித்த எச்.டி.எம்.எல். 4.0-தான் இந்தக் குறையைத் தீர்த்தது; தீர்க்கும்போது ஒன்றுக்கு இரண்டாகப் பண்புகளைத் தந்தது. ‘ரீட்ஒன்லி’ என்று குறித்த பெட்டிக்குள் கர்ஸர் செல்லலாம், எழுத்தைத் தேர்ந்து நகலெடுக்கலாம், மாற்ற மட்டும் இயலாது. படிவத்தைச் சமர்ப்பிக்கும்போது அதன் மதிப்பு மற்றவற்றோடு சர்வருக்குப் போகும். ‘டிஸேபிள்டு’ என்று குறித்ததோ உறங்கும் கட்டம்; டேப் விசை அதைத் தாண்டிச் செல்லும்; அதன் மதிப்பு சர்வருக்குப் போகவே போகாது. பழைய ‘புரோட்’, ‘ஆஸ்கிப்’ இரண்டின் சாயலும் இவற்றில் தெரிகிறது. ஆயினும் பிரவுஸர்கள் ஒரே சமயத்தில் இந்த விதிக்குப் பணியவில்லை. மைக்ரோஸாஃப்டின் எக்ஸ்புளோரர் நான்காம் பதிப்பு இப்பண்புகளை ஏற்க, நெட்ஸ்கேப் நான்காம் பதிப்பு அறியாமலே இருந்தபடியால், கர்ஸரைத் தள்ளும் பழைய யுக்தி இன்னும் சில ஆண்டுகள் உயிரோடிருந்தது.

இரண்டு பண்புகளுக்கும் உள்ள வேற்றுமை நூலில் படிக்கும்போது நுட்பமானதாகவும், அனுபவத்தில் கொடியதாகவும் இருந்தது. நிரலாளர் ஒருவர் சாம்பல் நிறத் தோற்றம் அழகாக இருக்கிறதென்று பிறந்த தேதிக் கட்டத்தை ‘டிஸேபிள்டு’ ஆக்கிவிடுவார்; படிவம் வந்து சேரும்போது அக்கட்டத்தின் பெயரே அதில் இராது; வராததை வெற்று மதிப்பாக எடுத்துக்கொண்ட சர்வர் நிரல், தரவுத்தளத்தில் இருந்த தேதியின்மேல் வெறுமையை எழுதிவிடும். பாதுகாக்க வைத்த பூட்டே பொருளை அழித்துவிடும் இந்த விபரீதத்தைக் காணாத அலுவலக மென்பொருள் குழுக்கள் சொற்பம். இறங்குபட்டியின் சங்கடம் வேறு வகை: அதற்கு ‘டிஸேபிள்டு’ உண்டு, ‘ரீட்ஒன்லி’ கிடையாது. ஆதலால் மாவட்டத்தின் பெயரை மாற்ற விடாமல் காட்டவும் வேண்டும், மதிப்பு சர்வருக்குப் போகவும் வேண்டும் என்றால், பட்டியை உறங்கவைத்துப் பக்கத்தில் ஒரு ‘ஹிட்டன்’ கட்டத்தை வைப்பது இன்றைக்கும் வழக்கம். எழுத்துப் பெட்டி தவிர்ந்த மற்றவற்றில் இந்த இரு நிலைகளுக்கும் பயனுள்ள வேற்றுமை இல்லை என்பது விதி வகுத்தோர் அபிப்பிராயம். படிவம் எழுதிப் பிழைப்போரில் பலர் அதற்கு உடன்படுவதில்லை. சாம்பல் எழுத்து கண் மங்கியவர்களுக்குத் தெரிவதில்லை என்ற ஆட்சேபமும் நியாயமானதே; எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிற வேறுபாடு வேண்டுமென்று 2008-இல் வந்த அணுகல் விதிகள் வற்புறுத்தினாலும், உறங்கும் கட்டங்களுக்கு அவையே விலக்கு அளித்துவிட்டன.

இதற்கிடையே பக்கத்தைச் சர்வரிலேயே வனையும் மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் பி.எச்.பி.யை வெளியிட்டார், 1996-இல் மைக்ரோஸாஃப்டின் ஏ.எஸ்.பி.யும், 1999-இல் ஜாவாவின் ஜே.எஸ்.பி.யும் தொடர்ந்தன. இவற்றில் ஒரு கட்டத்தைப் பூட்டுவது கோபோல் நிரலாளரின் ‘மூவ்’ கட்டளையைவிட எளிது: மனுவின் நிலை ‘ஒப்புதல் ஆயிற்று’ என்றால் பெட்டியின் குறியீட்டுக்குள் ‘ரீட்ஒன்லி’ என்ற சொல்லை அச்சிடு, இல்லையேல் அச்சிடாதே. இந்த எளிமையிலேதான் மயக்கமும் இருந்தது. தீர்மானம் சர்வரில் நடக்கிறது என்பதால் காவலும் சர்வரில் நிற்கிறது என்று நிரலாளர் மனம் எண்ணிக்கொண்டது. உண்மையிலோ அவர் செய்தது, அறிமுகமில்லாத ஒருவருக்கு அனுப்பும் கடிதத்தில் ‘தயவுசெய்து இதைத் திருத்தவேண்டாம்’ என்று ஒரு வாசகம் சேர்த்தது மாத்திரமே.

அந்த மயக்கம் முதலில் கடைத்தெருவில்தான் கலைந்தது. இணையக் கடைகளின் கூடை நிரல்கள் பல, பொருளின் விலையை ‘ஹிட்டன்’ கட்டத்தில் எழுதி வாங்குகிறவரிடமே கொடுத்து, அது திரும்பி வந்ததும் அப்படியே பில் போட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தைச் சேமித்து, விலையைக் குறைத்து எழுதி, பொத்தானை அழுத்தினால் குறைந்த விலைக்கே கணக்கு முடிந்துவிடும் என்று 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐ.எஸ்.எஸ். என்ற பாதுகாப்பு ஸ்தாபனம் பகிரங்கமாக எச்சரித்தது. படிவம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சோதிப்பதால் மாத்திரம் பயனில்லை, அந்தத் தகவலையும் அனுப்புவது பிரவுஸர்தான் என்பதும் தெளிவாயிற்று. 2001-இல் தோன்றிய ஓவாஸ்ப் அமைப்பு, 2003-இல் வலை மென்பொருளின் பத்துப் பெரும் குற்றங்களை முதன்முதலாக வரிசைப்படுத்தியபோது, வெளியிலிருந்து வரும் மதிப்புகளைச் சோதிக்காமல் ஏற்பதற்கே முதல் ஸ்தானம் கொடுத்தது. திருவிழாக் காலத்தில் கோயில் பிராகாரத்தில் கட்டிய கயிறு, வரிசையில் வர நினைப்பவர்களுக்கு வழி காட்டும்; குனிந்து நுழைய நினைப்பவரை அது என்ன செய்யும்? பூட்டிய கட்டமும் அவ்வளவே.

இந்தப் பாடத்தைக் கட்டத்தோடு சேர்த்தே கட்டிவிட முயன்றவர்களில் மைக்ரோஸாஃப்டார் முன்னவர்கள். 2002-இல் வெளிவந்த ஏ.எஸ்.பி. டாட் நெட்டில், எழுத்துப் பெட்டி என்பது சர்வர் நிரலிலேயே வாழும் ஒரு பொருள். அதற்கு ‘ரீட்ஒன்லி’ என்றும் ‘எனேபிள்டு’ என்றும் பண்புகள் உண்டு. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையே பக்கத்தின் நினைவை ‘வியூஸ்டேட்’ என்ற ஒரு ‘ஹிட்டன்’ கட்டம் சுமந்து செல்லும். 3270-இன் இருள் கட்டத்துக்கு மறுபிறவி போன்றதுதான் இது. ஆனால் சர்வர் தன் ரகசியத் திறவுகோலால் அதன்மேல் ஒரு முத்திரை இட்டு அனுப்ப முடியும், வழியில் யாரேனும் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாமல் போய்விடும். அந்த முத்திரையை அணைத்துவைக்கும் வசதி நெடுங்காலம் இருந்து, 2014-இல்தான் அடியோடு நீக்கப்பட்டது.

2005-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு விசேஷமான மாறுதல் நிகழ்ந்தது. ‘ரீட்ஒன்லி’ என்று சர்வர் குறித்த பெட்டிக்குப் பிரவுஸரிலிருந்து எந்த மதிப்பு வந்தாலும், சர்வர் அதைக் கண்ணெடுத்தும் பாராது. தன் நினைவில் உள்ள பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளும். காகிதப் படிவத்தின் குமாஸ்தா செய்ததை இயந்திரம் செய்யத் தொடங்கியது என்று இதைப் பாராட்ட வேண்டும். பாராட்டுவதற்குப் பதில் நிரலாளர் உலகத்தில் ஒரு கூக்குரல் எழுந்தது. காரணம் இது: தேதிக் கட்டத்தில் பயனர் கையால் தட்டிப் பிழை செய்யாதிருக்க அதை ‘ரீட்ஒன்லி’ ஆக்கி, பக்கத்தில் ஒரு சிறு நாட்காட்டிப் படத்தை வைத்து, அதைச் சொடுக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் தேதியை இட்டு நிரப்பும்படி எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். புதிய பதிப்பில் பயனர் தேதியைத் தேர்ந்தெடுப்பார், திரையில் அது அழகாக நிற்கும், ‘சேமி’ பொத்தானை அழுத்தியதும் மாயமாக மறைந்துவிடும். இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம், பெட்டியின் பண்பாக இல்லாமல், நிரலில் ‘அட்ரிபியூட்ஸ் ஆட்’ என்ற வழியாக அதே சொல்லைப் பக்கத்தில் அச்சிடுவது. அப்போது பிரவுஸர் பூட்டும், சர்வர் அறியாது, தேதி வந்து சேரும். ஒரே சொல் இரண்டு கருத்துகளுக்கு உபயோகப்பட்டுவந்தது அந்தக் கூக்குரலில்தான் வெளிப்பட்டது: ‘கையால் தட்டாதே’ என்ற சௌகரிய விதி ஒன்று, ‘இந்த மதிப்பை மாற்ற உனக்கு அதிகாரமில்லை’ என்ற அதிகார விதி மற்றொன்று. முதலாவது திரைக்கு உரியது, இரண்டாவது சர்வருக்கு உரியது. இரண்டையும் ஒரு சொல்லில் கட்டினால் ஏதேனும் ஒன்று பழுதாகியே தீரும்.

பூட்டிய கட்டத்தையே நம்பலாகாது என்றால், படிவத்தில் இல்லாத கட்டத்தை என்னென்பது? ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற சட்டகத்தில், வந்த படிவத்தின் கட்டங்கள் அனைத்தையும் ஒரே வரியில் தரவுப் பதிவின்மேல் ஊற்றிவிடும் சௌகரியம் ஒன்று இருந்தது. 2012 மார்ச்சில் ஒரு ருஷ்ய இளைஞர், கிட்ஹப் தளத்தில் தம் திறவுகோலைப் பதியும் படிவத்தில், சர்வர் அனுப்பாத ஒரு கட்டத்தைத் தாமே சேர்த்து, பயனர் அடையாளத்தை மாற்றி எழுதி, ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கிலேயே தம் திறவுகோலைப் பதித்துவிட்டார். பிறகு அத்திட்டத்தின் மூல நிரலுக்குள் ஒரு பதிவும் இட்டுக் காட்டினார். அபாயம் சட்டகத்தாருக்கு முன்பே தெரிந்திருந்தது. தடுக்கும் வழியும் இருந்தது. ஆனால் அதை இட்டுக்கொள்வது அவரவர் விருப்பமாக இருந்தது. 2013-இல் வந்த ரெயில்ஸ் நான்காம் பதிப்பு அந்த விருப்பத்தை நிர்ப்பந்தமாக மாற்றி, எந்தெந்தக் கட்டங்களை ஏற்கலாம் என்று நிரலில் பெயர் சொல்லி அனுமதித்தாலன்றி எதுவும் உள்ளே புகாதபடி செய்தது. பைதான் உலகத்தின் ஜாங்கோ 2015 டிசம்பரில் தன் 1.9 பதிப்பில், ‘டிஸேபிள்டு’ என்று குறித்த கட்டத்துக்கு வெளியிலிருந்து எது வந்தாலும் ஒதுக்கிவிட்டு ஆரம்ப மதிப்பையே கொள்ளும் விதியைச் சேர்த்தது. ஜாவாவின் ஜே.எஸ்.எஃப்.பிலும் இதே சித்தாந்தம்தான். திரையில் பூட்டுவதும் வாசலில் மறுப்பதும் ஒரே குறிப்பிலிருந்து பிறக்கவேண்டும் என்ற முடிவுக்குத் தனித்தனி வழியாக எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

சட்டகம் எவ்வளவு உதவினாலும் ஒரு நுட்பம் நிரலாளரின் கவனத்துக்கே விடப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அச்சிடப்பட்ட பூட்டு, அந்தப் பக்கம் புறப்பட்ட நேரத்துத் தீர்ப்பு. காலை பத்து மணிக்கு ஓர் உதவியாளர் மனுவைத் திறக்கும்போது அது பரிசீலனையில் இருக்கலாம். கட்டங்கள் எல்லாம் திறந்திருக்கும். அவர் திரையை அப்படியே விட்டு வேறு அலுவலாகப் போயிருக்கும்போது மேலதிகாரி தம் இருக்கையிலிருந்து அதற்கு ஒப்புதல் அளித்துவிடலாம். பதினொன்றரை மணிக்கு உதவியாளர் திரும்பி வந்து தொகையைத் திருத்தி அனுப்பினால், அவர் எந்த வஞ்சகமும் செய்தவரல்லர். அவர் திரையில் அக்கட்டம் திறந்தே இருந்தது. ஆயினும் ஒப்புதலான தொகை மாறக்கூடாது. ஆகவே படிவம் வந்து சேரும் ஒவ்வொரு தடவையும், மனுவின் இப்போதைய நிலை என்ன, அனுப்பியவர் யார், இந்தக் கட்டத்தை இவர் இந்நிலையில் மாற்றலாமா என்று சர்வர் புதிதாகவே விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும்; மறுத்தால் காரணத்தைச் சொல்லி மறுக்கவும் வேண்டும். வஞ்சகரை முன்னிட்டு ஏற்பட்டதாக நாம் எண்ணும் இந்த விசாரணை, நாணயமான இரண்டு ஊழியரின் வேலை ஒன்றோடொன்று மோதாமல் காப்பதற்கும் அதே அளவு அவசியமாகிறது.

இதனால் திரையிலிடும் பூட்டு வீண் என்று யாரும் கொள்ளலாகாது. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதைப் பயனருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும், நிரப்பி முடித்த பிறகு மறுக்கப்படும் பிரயாசையிலிருந்து அவரைக் காப்பதும் நல்ல படிவத்தின் லக்ஷணங்கள். அந்தக் காரியத்தை 1971-இல் விசைப்பலகையைப் பூட்டிய டெர்மினல் செய்தது போலவே இன்றைய ‘ரீட்ஒன்லி’ பண்பும் செவ்வனே செய்கிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்ததுதான் பிழை. டெர்மினல் அலுவலகத்தின் சொத்தாக இருந்த வரையில், முன்கூட்டியே தெரிவிக்கும் மரியாதையும் மீறலைத் தடுக்கும் காவலும் ஓரிடத்திலேயே இருந்தபடியால் இரண்டையும் பிரித்துணரும் அவசியம் நேரவில்லை. கருவி பயனரின் கைக்குப் போன அன்றே மரியாதை அவரோடு போய்விட்டது, காவல் சர்வரிடம் தங்கிவிட்டது. ஒரு கட்டத்தைப் பூட்டும் வரியை எழுதும் நிரலாளர், அதே கட்டம் மாறி வந்தால் மறுக்கும் வரியையும் அன்றே எழுதிவிட வேண்டும். பிந்தியதை எழுத நேரமில்லை என்றால், முந்தியதை எழுதியதால் அவர் எதையும் பாதுகாத்துவிடவில்லை.